ஒன்றரைக் கட்டை

கிளாவரைக்கு நான் போனது நாவல் எழுதுவதற்காக. ஐந்து அத்தியாயம் எழுதி, கதாநாயகியை ஒரு ரயில்வே ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு, அவளை எந்த ரயிலில் ஏற்றுவது என்று தெரியாமல் மூன்று மாதமாகத் திண்டாடிக் கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர், "எங்கள் மலைக்கு வாருங்கள். மார்கழியில் இங்கே மனுஷ சத்தமே இராது. குளிரில் விரல் விறைத்து எழுத முடியாமல் போனால் அதற்கு மட்டும் நான் ஜவாப்தாரி அல்ல" என்று சொன்னார். 2022-ஆம் வருஷத்து மார்கழி பிறந்த மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன்.

கொடைக்கானலிலிருந்து கிளாவரைக்குப் பஸ் உண்டு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு, சுமார் நாற்பது கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும். கிளாவரைக்கு அப்பால் மலையேறி நடந்தால் கேரளம். படிப்படியாக வெட்டிய நிலங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோஸ். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த வட்டாரத்துச் சரக்குத்தான். நான் தங்கிய வீட்டில் அடுப்புக்கு மேலே பூண்டுக் கொத்துக்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். புகை பட்டால் கெடாமல் இருக்குமாம். பூண்டுக்கு நல்லதாக இருக்கும் அந்தப் புகை மனிதத் தொண்டைக்கு எப்படி என்பது பின்னால் வரப்போகிற விஷயம்.

மனுஷ சத்தம் இராது என்று நண்பர் சொன்னது மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கே பொய்யாயிற்று. ஜால்ராச் சத்தம் கேட்டு விழித்தேன். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன். அரிக்கேன் விளக்கு ஒன்று முன்னே வர, பத்துப் பன்னிரண்டு பேர் மேட்டுத் தெருவில் ஏறி வந்து கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஏழெட்டுப் பேர், பெண்கள் நாலைந்து பேர். அறுபதுக்குக் கீழே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, ஹார்மோனியத்தைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வாசித்தபடி வந்த ஒருவரைத் தவிர. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. நாமாவளியை முன்னே எடுத்துக் கொடுத்த பெரியவருடைய சாரீரத்தில் நாதத்தைவிடக் காற்று அதிகமாக இருந்தது. ஈர விறகை ஊதி எரிய வைக்கிற மாதிரி ஒவ்வொரு அடியையும் ஊதி ஊதிக் கிளப்பினார். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடினார்கள்; பாடினார்கள் என்பதைவிடக் கூவினார்கள் என்பது பொருத்தம். மேடு ஏறுகிற மூச்சும் பாடுகிற மூச்சும் ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

என் ஜன்னலுக்கு நேரே வந்தபோது பாட்டு மேல் ஸட்ஜத்துக்குப் போயிற்று. பெண்களில் ஒருத்தி, எழுபது வயதுக்குக் குறையாது, அந்த இடத்தில் குரல் உடைந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் வந்தவள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். கூட்டம் திரும்பிப் போயிற்று. நான் ஜன்னலை மூடவில்லை.

அந்தச் சிரிப்பை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். என் தாயார் நன்றாகப் பாடுவாள். கச்சேரிப் பாட்டல்ல, வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, நவராத்திரிக் கொலுவில், குழந்தையைத் தூங்கப் பண்ணும்போது. என் தங்கையின் சீமந்தத்தில் யாரோ பாடச் சொன்னார்கள். அம்மாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. அவள் வழக்கமாக எடுக்கிற உயரத்திலேயே எடுத்தாள். சரணத்தில் மேலே போகும்போது குரல் இரண்டாகப் பிளந்தது. கூடம் நிறைய ஜனம். எனக்கு அவளைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. "போதும் அம்மா, எதற்குத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்கிறாய்?" என்றேன். அம்மா இப்படித்தான் சிரித்தாள். சிரித்துவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கொடுக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தாள். பாடவில்லை. கோலம் போடும்போது முணுமுணுப்பதுகூட நின்றுபோயிற்று. நின்றது என்பதையே அவள் போன பிறகுதான் நான் கவனித்தேன்.

கிளாவரையில் அந்த வருஷம் பஜனைக்கு ஒரு ஆபத்து வந்திருந்தது. அது விரோதிகளிடமிருந்து வரவில்லை. பேரப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. இளைஞர்கள் சிலர் சேர்ந்து நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கியிருந்தார்கள். "தாத்தா, பென் டிரைவ்ல எல்லாப் பாட்டும் இருக்கு. நாலரைக்குப் போட்டுவிட்டா ஊருக்கே கேக்கும். நீங்க எதுக்கு இந்தப் பனியில கஷ்டப்படணும்?" என்று அவர்களில் ஒருவன் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்ற வைத்தார். வைகுண்ட ஏகாதசி வரை இவர்கள் பாடுவது, அதற்குப் பிறகு ஸ்பீக்கர் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஏகாதசி ஜனவரி 2-ஆம் தேதி.

நண்பரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சிரித்தார். "இந்த ஊர்த் தொண்டைகளுக்கெல்லாம் எஜமானன் யார் தெரியுமா? ஹார்மோனியக்காரர். முப்பது வருஷமாக அவருக்கு இரண்டரைக் கட்டையில்தான் விரல் ஓடும். வேறே எதிலும் வாசிக்கத் தெரியாது."

சங்கீதப் பழக்கம் இல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஹார்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையை ஸட்ஜமாக வைத்துப் பாடினால் ஒரு கட்டை சுருதி. அடுத்த வெள்ளை இரண்டு. நடுவிலுள்ள கறுப்பு ஒன்றரை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையில். இரண்டரைக் கட்டை என்பது வாலிபத் தொண்டைக்கு ஜோராக இருக்கும். எழுபத்து நாலு வயசுத் தொண்டைக்கு அது சுவர் ஏறிக் குதிக்கிற காரியம். பெண்களின் நிலைமை இன்னும் மோசம். ஆண்களோடு அதே ஸ்தாயியில் பாடினால் பாதாளம், அதற்கு மேல் ஸ்தாயியில் பாடினால் ஆகாசம். இடையில் அவர்களுக்கு இடமே இல்லை.

மார்கழி பத்தாம் தேதி கிறிஸ்துமஸ் வந்தது. நண்பர் என்னைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனார். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்கள் கொண்டுவந்த கோயில் சங்கீதம் மலையில் இன்னும் இருக்கிறது. ஒரு சர்ச்சில் பாடகர் குழு பாடுவதைக் கேட்டோம். முன்வரிசையில் வெள்ளைப் புடைவை கட்டிய அம்மாள் ஒருவர், வாலிபர்களின் நடுவே, கொஞ்சமும் சிரமமில்லாமல் பாடிக்கொண்டிருந்தார். நண்பருக்குப் பழைய ஆசிரியை. ரிடையராகி வெகு நாளாயிற்று. வயது எழுபத்திரண்டு.

பூஜை முடிந்து கேக்கும் காப்பியும் கொடுத்தபோது, "இந்த வயதில் எப்படி அம்மா பாட முடிகிறது?" என்று கேட்டேன்.

"நான் இறங்கி வந்துட்டேன் சார்" என்றார் டீச்சரம்மாள். "இருபது வயசில சோப்ரானோ. அம்பது வயசில ஆல்ட்டோ. இப்ப ஆம்பிளைங்களோட டெனர் பாடறேன். எங்க பாட்டில நாலு மாடி இருக்கு. ஒரு மாடியில முடியலேன்னா கீழ் மாடிக்குப் போயிடலாம். வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை."

எனக்குச் சுரீரென்றது. நம்முடைய பஜனைக்கு ஒரே மாடிதான். எல்லாரும் ஒரே சுருதியில், ஒரே வரிசையில் போக வேண்டும். அது அதன் அழகு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்; இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த மாடிப்படி ஏற முடியாதவள் வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அம்மா ஐந்தரையில் எடுத்தாள். நாலில் எடுத்திருந்தால்? அன்றைக்கு அந்தக் கூடத்தில் சங்கீதம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கொஞ்சம் இறக்கிப் பாடுங்கள் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

டீச்சரம்மாளிடம் கிளாவரை விஷயத்தைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

பஜனைப் பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க வேதக்காரங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா. எனக்கும் உங்களுக்கும் தொண்டை ஒரே மாதிரிதான்" என்றார் டீச்சரம்மாள். பெரியவர் பாய் போடச் சொன்னார்.

அன்று மத்தியானம் வெயிலில் உட்கார்ந்து அந்த அம்மாள் சொன்ன விஷயங்களில் பல எனக்குப் புதியவை. குரல் வருகிற இடத்தில் இரண்டு நாண்கள் இருக்கின்றன. பாடும்போது அவை ஒன்றையொன்று தொட்டு அதிர வேண்டும். வயதானால் அவற்றிலுள்ள தசை மெலிகிறது. ஓரங்கள் நடுவே சரியாகச் சேருவதில்லை. இடுக்கில் காற்று ஒழுகிவிடுகிறது. பெரியவரின் பாட்டில் நான் கேட்ட காற்று அதுதான். விலா எலும்புக் கூடும் விறைத்துப்போகிறது. முன்பு ஒரே மூச்சில் பாடிய அடிக்கு இப்போது இரண்டு மூச்சு வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்களுக்கு வயதானால் குரல் தடித்துக் கீழே இறங்குகிறது. ஆண்களில் பலருக்கு நாண் மெலிந்து குரல் சற்று மேலே ஏறுகிறது. ஆயுள் முழுவதும் வெவ்வேறு சுருதியில் பேசிச் சண்டை போட்ட தம்பதிகள் கடைசிக் காலத்தில் கொஞ்சம் கிட்டே வருகிறார்கள்.

"தண்ணி குடிங்க, தண்ணி குடிங்கன்னு டாக்டருங்க சொல்றாங்க. குடிக்கிற தண்ணி அந்த நாணைத் தொடுறதே இல்லை, தொட்டா புரையேறிடும். உடம்பு முழுக்க ஊறித்தான் அங்கே போய்ச் சேரும். அதனால பாடறப்போ ஒரு மடக்குக் குடிச்சுப் பிரயோஜனமில்லை. முதல் நாளே குடிச்சிருக்கணும். வெந்நீர் ஆவிதான் நேரா அங்கே போகும்" என்றார். குளிருக்காக எல்லாரும் அடுப்பங்கரையில் புகையில் உட்கார்ந்திருந்துவிட்டு நேரே பனிக்குள் போய்ப் பாடுவதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கனைத்துக் கனைத்துத் தொண்டையைச் சரிசெய்வதும் கூடாதாம். கனைக்கிற ஒவ்வொரு தடவையும் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. எச்சிலை விழுங்கினால் போதும். குரல் கம்மியிருக்கும்போது ரகசியம் பேசுவதுபோல் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது.

பிறகு ஒரு டம்ளரில் தண்ணீரும், இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவும் எடுத்தார். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, அதன் வழியாக 'ஊ' என்று மெதுவாக நாதம் கொடுத்துக் குமிழி விட்டார். வாய்ப் பக்கம் காற்று நெருக்குண்டால் அதுவே நாண்களுக்கு ஒரு மெத்தை மாதிரி ஆகிவிடுகிறதாம். அலட்டாமல் அதிரக் கற்றுக்கொள்கின்றன. கிழவிகள் நாலு பேரும் டம்ளரும் கையுமாக உட்கார்ந்து குமிழி விட்டதைப் பார்க்க ஊர்க் குழந்தைகளெல்லாம் கூடிவிட்டன. ஸ்ட்ரா இல்லாவிட்டால் வாயை மூடி 'ம்' என்று ரீங்காரம் செய்தாலும் போதும். நம்முடைய பாட்டு வாத்தியார்கள் விடியற்காலையில் மந்தர ஸ்தாயி சாதகம் பண்ணச் சொன்னதிலும் இந்த மாதிரி ஒரு சூட்சுமம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. 1908-ல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு இயற்கையிலேயே இனிமையான சாரீரம் அமையவில்லை. சாதகத்தினால்தான் அதை வசப்படுத்தினார் என்பது ரசிகர்கள் அறிந்தது. தொண்ணூறு வயதை ஒட்டியும் மேடையில் பாடினார்.

ஜால்ராவைப் பற்றியும் பேச்சு வந்தது. சுற்றிலும் சத்தம் அதிகமானால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். லொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். கிழவர்களுக்குக் காது மந்தம். ஆகையால் ஜால்ராவை ஓங்கித் தட்டுகிறார்கள். ஜால்ரா ஓங்கினதால் பாட்டை ஓங்குகிறார்கள். பாட்டு ஓங்கினதால் ஜால்ராவை இன்னும் ஓங்குகிறார்கள். மூன்று ஜோடி ஜால்ராவில் இரண்டைப் பெட்டியில் வைக்கச் சொன்னார் டீச்சரம்மாள்.

அதெல்லாம் சுலபம். கஷ்டம் சுருதியில் இருந்தது.

"ஒரு கட்டையில வாசிப்பீங்களா தம்பி?" என்று ஹார்மோனியக்காரரைக் கேட்டார். அவர் இரண்டு நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டு முகம் சிவந்து நிறுத்திவிட்டார். பெரியவருக்கோ அதைவிடக் கோபம். "இரண்டரைக் கட்டை எங்கப்பா பாடின கட்டை. அதைக் குறைச்சா, எனக்கு முடியலேன்னு ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி. அதுக்கு அந்தப் பயலுக ஸ்பீக்கரே போட்டுட்டுப் போகலாம்!"

ஸ்பீக்கர் பேரன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். செல்போனை எடுத்து ஏதோ தட்டினான். தம்பூரா நாதம் ஒன்று கிளம்பிற்று. "இதில எத்தனை கட்டை வேணுமோ அத்தனை வைக்கலாம் தாத்தா. ஸ்பீக்கர்ல சன்னமா விடறேன். ஹார்மோனியம் பழகுற வரைக்கும் இதை வச்சுப் பாடுங்க" என்றான். பாட்டை விழுங்க வந்த ஸ்பீக்கர் சுருதிப்பெட்டி ஆயிற்று. நான் நாவலில் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் அடித்திருப்பார்.

முதலில் பெண்கள் பாடிப் பார்த்தார்கள். அவன் ஐந்தில் வைத்தான். டீச்சரம்மாள் கையைக் கீழே காட்டினார். நாலரை. இன்னும் கீழே. நாலு. அன்று விடியற்காலையில் வாயைப் பொத்திக்கொண்டாளே, ஊரில் எல்லாரும் அப்பத்தா என்று கூப்பிடுகிற அந்தக் கிழவி, ஒரு நாமாவளியை எடுத்தாள். குரல் தடிப்பாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. மேல் ஸட்ஜம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள், அடி விழப்போகிறவள் மாதிரி. அடி விழவில்லை. குரல் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. அப்பத்தா கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்ப் பூண்டுப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூத்தவர்கள் கூடிப் பாடுவதைப் பற்றிப் பிற தேசங்களில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். வாஷிங்டனில் ஜீன் கோஹன் என்ற மனோவைத்தியர், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை ஒரு சேர்ந்திசைக் குழுவில் சேர்த்து, பாடாத மற்றொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார். ஒரு வருஷத்தில் பாடியவர்கள் டாக்டரிடம் போனது குறைவு, கீழே விழுந்ததும் குறைவு, தனிமையும் குறைவு. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்த கூட்டங்கள் அல்ல என்பதால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாட வருகிறவர்கள் ஏற்கனவே கொஞ்சம் திடமானவர்களாக இருக்கலாம். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் 1982-ல் ஒரு முதியோர் குடியிருப்பில் தொடங்கிய குழு ராக் பாட்டுக்களாகவே பாடி உலகமெல்லாம் சுற்றியது. அவர்களைப் பற்றி ஒரு படமும் வந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாட வீதிகளில் எத்தனையோ வருஷம் மார்கழி பஜனை நடத்தினார். 1973-ல் காலமானபோது அவருக்கு வயது எண்பத்து மூன்று.

அடுத்த வாக்குவாதம் நேரத்தைப் பற்றி. வெயில் வந்த பிறகு, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பாடலாமே என்றார் டீச்சரம்மாள். "விடியுமுன்னே பாடாத மார்கழி என்ன மார்கழி?" என்றார் பெரியவர். இந்த விஷயத்தில் என் கட்சி பெரியவர் கட்சிதான். உடம்புக்கு நல்லது என்பதற்காக எல்லாவற்றையும் பத்து மணிக்கு மாற்றிக்கொண்டு போனால், கடைசியில் பாடுவதற்கு என்ன மிஞ்சும்? அப்பத்தாதான் வழி சொன்னாள். "நடக்கும்போது ஏன் பாடணும்? மேட்டுல ஜால்ரா மட்டும் தட்டிக்கிட்டுப் போவோம். முக்குக்கு முக்கு நின்னு பாடுவோம். மூக்கு வாயெல்லாம் துண்டைச் சுத்திக்கிட்டு வந்தாப் பனியும் இறங்காது." ஆண்கள் ஒரு முக்கில், பெண்கள் ஒரு முக்கில் என்று முறை வைத்தார்கள். பெண்கள் நாலு கட்டையில் பாடும்போது ஆண்கள் தாளம் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் இதற்காக மூன்று நாள் வரவில்லை. பிறகு வந்தார்கள்.

டீச்சரம்மாள் பஸ் ஏறும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். "மத்தவங்க சரியாயிடுவாங்க. அந்தப் பெரியவர் கதை வேற. எத்தனை நாளா இப்படிக் கம்மியிருக்கு?"

"கார்த்திகை தீபத்துக்கு முன்னாலிருந்து என்கிறார்கள்."

"மூணு வாரத்துக்கு மேல கம்மியிருந்தா சுருதியை இறக்கிப் பிரயோஜனமில்லை சார். அதுவும் பீடி குடிக்கிறவர். உள்ளே விட்டுப் பாக்கிற டாக்டர் கிட்டக் காட்டணும். கஷாயம், மிளகு, தேன் எல்லாம் அப்புறம்."

இதைப் பெரியவரிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "ஏகாதசி போகட்டும்" என்றார். அவருடைய சம்சாரம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏகாதசி நன்றாக நடந்தது. ஸ்பீக்கர் பேரன் நாலரை மணிக்குக் கம்பளியோடு வந்து சுருதி வைத்தான். பெரியவர் பிடிவாதமாக இரண்டரையிலேயே எடுத்தார். பாதியில் குரல் அடியோடு நின்றது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மற்றவர்கள் பாடி முடித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அவரே என் பக்கத்தில் வந்து, காற்றுக் குரலில், "எந்த ஊருக்குப் போகணும் தம்பி?" என்றார்.

ஜனவரி 4-ஆம் தேதி மதுரைக்குப் போனோம், அவரும் மகனும் நானும். கொடைக்கானல் வந்து, மலை இறங்கி, ராஜம் ஐயர் பிறந்த வத்தலக்குண்டைத் தாண்டி, மதுரை சேர அன்று முழுப் பொழுதும் ஆயிற்று. மறுநாள் காலை காது மூக்குத் தொண்டை டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டு, உள்ளே இருப்பதைத் திரையில் காட்டினார். இருபது வருஷமாகக் கதை எழுதுகிற எனக்கு, மனிதன் பேசுகிற இடத்தைக் கண்ணால் பார்ப்பது அதுவே முதல் தடவை. வெளுத்த இரண்டு பட்டைகள், 'ஈ' என்று சொல்லச் சொன்னபோது கிட்டே வந்தன. நடுவில் ஒரு நெல் அளவு சந்து விட்டு நின்றுவிட்டன. ஓரங்கள் வீங்கியிருந்தன.

பெரியவர் திரையைப் பார்க்கவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயப்படுற மாதிரி கட்டி எதுவும் இல்லை" என்றார் டாக்டர். "புகையினால வந்த வீக்கம். வயசானதால நாண் மெலிஞ்சிருக்கு. பீடியை இன்னைக்கே விடணும். குறைக்கிறது இல்லை, விடணும். ஒரு வாரம் பேச்சைக் குறைங்க. அப்புறம் பயிற்சி. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்."

பெரியவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மார்கழி இன்னும் ஒன்பது நாள் இருக்கு டாக்டர்" என்றார்.

டாக்டர் இளைஞர். சிரிக்கவில்லை. "கடைசி ரெண்டு நாள் பாடுங்க. ஒரு பாட்டு. இறக்கிப் பாடுங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியவர் சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டை எடுத்து மகனிடம் கொடுத்தார். மகன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஊர் வந்து சேரும் வரை கையிலேயே வைத்திருந்தான்.

அந்த ஏழு நாளும் அப்பத்தாதான் முன்னே நின்று எடுத்துக் கொடுத்தாள். பெரியவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நடந்தார். ஒரு ஜோடி ஜால்ரா அவர் கையில் இருந்தது. ஹார்மோனியக்காரர் ராத்திரியெல்லாம் ஒரு கட்டையில் பழகுகிறார் என்று அவர் வீட்டு அம்மாள் குறைப்பட்டுக்கொண்டாள். என் நாவல் அங்கேயே நின்றது. கதாநாயகி இன்னும் அந்த ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

போகிப் பண்டிகை அன்று, மார்கழியின் கடைசி விடியலில், நானும் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர்களோடு போனேன். கீழ்த்தெரு முக்கில் எல்லாரும் நின்றார்கள். ஆண்கள் முறை. பேரன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தாத்தாவின் முகத்தைப் பார்த்தான். ஹார்மோனியக்காரரும் பார்த்தார்.

பெரியவர் தொண்டையைக் கனைக்கப் போனார். அப்பத்தா "உஸ்" என்றாள். அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டார். விளக்கைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுல வையிடா" என்றார்.